டேர், டீ, டாஸ் பழக ஒரு குட்டிச் செயலி: சாட்பாட் துணையோடு நாமே செய்வோம்

ஜெர்மன் ஏ1 (தொடக்கநிலை) வகுப்பில் சேர்ந்தவர்களை முதல் மாதத்திலேயே படுத்தி எடுப்பது ஆர்ட்டிகிள்தான், அதாவது பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் டேர், டீ, டாஸ். சாப்பாட்டு மேசையில் கரண்டி ஆண்பால், டேர் லொஃபல். முள்கரண்டி பெண்பால், டீ காபல். கத்தி இரண்டும் இல்லை, டாஸ் மெஸ்ஸர். பெரும்பாலான சொற்களுக்குக் காரணம் தேடிப் பயனில்லை, பழகத்தான் வேண்டும். அதற்கு ஒரு சின்னப் பயிற்சிச் செயலியை நாமே செய்துகொள்ளலாம். கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி, எதுவானாலும் சரி. இலவசக் கணக்கே போதும். கம்ப்யூட்டர் இருந்தால் வேலை சுலபம்.

முதலில் வேலையைப் பிரித்துக்கொள்வோம். நிரல் எழுதுவது சாட்பாட்டின் வேலை, சொற்களைத் தருவது நம் வேலை. நிரலில் தப்பு இருந்தால் பெரும்பாலும் திரையே காட்டிக்கொடுத்துவிடும்: பட்டன் வேலை செய்யாது, பக்கம் வெள்ளையாக நிற்கும். ஆர்ட்டிகிள் தப்பாக இருந்தால் செயலி ஜம்மென்று ஓடும், நாமும் அந்தத் தப்பைத் தினமும் உருப்போட்டுக்கொண்டிருப்போம்.

படி 1: சொற்பட்டியல்

கூகுள் ஷீட்டில் மூன்று பத்திகள்: ஆர்ட்டிகிள், சொல், தமிழ்ப் பொருள். வகுப்புப் புத்தகத்தைப் பார்த்து முதலில் முப்பது சொற்கள் போதும். கோதே இன்ஸ்டிடியூட்டின் ஏ1 சொற்பட்டியலில் சுமார் 650 சொற்கள் இருக்கின்றன, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எக்செல் பயன்படுத்துபவர்கள் பட்டியலை வெறும் எழுத்துக் கோப்பாக (சிஎஸ்வி) சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்பதையே தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

படி 2: முதல் வேண்டுகோள்

'ஜெர்மன் கற்க ஒரு ஆப் செய்து கொடு' என்று கேட்டால் லாகின் பக்கம், மதிப்பெண் பலகை, பட்டாசு அனிமேஷன் எல்லாம் வரும், நமக்கு வேண்டியது வராது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"எனக்குக் கோடிங் தெரியாது. ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு வேண்டும். சர்வர், லாகின் எதுவும் வேண்டாம். திரையில் ஒரு ஜெர்மன் சொல்லும் அதன் தமிழ்ப் பொருளும் வரட்டும். கீழே டேர், டீ, டாஸ் என்று மூன்று பட்டன். சரியாக அழுத்தினால் பச்சை, தப்பென்றால் சிவப்போடு சரியான விடை. சொற்பட்டியலைக் கீழே தந்திருக்கிறேன். அதை இந்தக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொள். நீயாக எந்தச் சொல்லையும் சேர்க்காதே."

பட்டியலைக் கோப்புக்குள்ளேயே வைக்கச் சொல்வது முக்கியம். சொல்லாவிட்டால் பல சமயம் சாட்பாட் அதைத் தனிக் கோப்பாக வைத்து, அங்கிருந்து படிக்கும்படி எழுதிவிடும். கம்ப்யூட்டரில் டபுள் கிளிக் செய்து திறக்கும் பக்கத்துக்கு அப்படிப் பக்கத்துக் கோப்பைப் படிக்கக் குரோம் அனுமதி தராது. ஒரு சொல்கூட வராமல் திரை காலியாக நிற்கும்.

வந்த நிரலை நோட்பேடில் ஒட்டி, கோப்பின் பெயர் .html என்று முடியும்படி சேமித்து, குரோமில் திறங்கள். ஓடவில்லையென்றால் எஃப்12 அழுத்தி, கன்சோல் பகுதியில் சிவப்பாக இருக்கும் வரியை முழுசாகக் காப்பி செய்து சாட்பாட்டுக்குக் கொடுங்கள். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் அது ஊகித்து, நன்றாக இருந்த பகுதியையும் மாற்றிவிடும்.

படி 3: ஐந்து பெட்டிகள்

எல்லாச் சொல்லையும் தினமும் கேட்டால் அலுத்துவிடும். செபாஸ்டியான் லைட்னர் 1972இல் எழுதிய புத்தகத்தால் பரவிய பெட்டி முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். எல்லாச் சொல்லும் முதல் பெட்டியில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டிக்குப் போகும், தப்பினால் மறுபடி முதல் பெட்டி. முதல் பெட்டியை தினமும், மற்றவற்றை 2, 4, 8, 16 நாள் இடைவெளியில் கேட்கச் சொல்லுங்கள். எந்தச் சொல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் சேமிக்கச் சொல்லுங்கள். பிரவுசர் டேட்டாவை அழித்தால் அதுவும் போய்விடும்.

இங்கே நம் ஊருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. இன்றைய தேதியை எடுக்க சாட்பாட்கள் அடிக்கடி எழுதும் ஒரு வரி, உலகப் பொது நேரப்படிதான் தேதி தரும். நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து படித்தால் செயலிக்கு அது இன்னும் நேற்றுதான், இன்றைக்கான சொற்களைக் காட்டாது. பகலில் சோதித்தால் இது தெரியவே தெரியாது. "தேதியை என் கம்ப்யூட்டரின் உள்ளூர் நேரப்படி கணக்கிடு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

படி 4: உச்சரிப்பு

'சொல்லை ஆர்ட்டிகிளோடு படித்துக் காட்ட ஒரு ஸ்பீக்கர் பட்டன் வை, குரலின் மொழி ஜெர்மனாக இருக்கட்டும்' என்றால் போதும், பிரவுசரிலேயே அந்த வசதி இருக்கிறது. குரல் ஆங்கில வாடையோடு படித்தால் உங்கள் கருவியில் ஜெர்மன் குரல் இல்லை என்று பொருள். செட்டிங்ஸில் போய் இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: இரட்டை ஆர்ட்டிகிள்கள்

சில சொற்கள் நம் மூன்று பட்டன் கணக்குக்குள் அடங்காது. யோகுர்ட்டுக்கு டேர், டாஸ் இரண்டையுமே டூடன் அகராதி ஏற்கிறது. டேர் ஸே என்றால் ஏரி, டீ ஸே என்றால் கடல். முதல் வகைக்கு இரண்டு விடையையும் சரியென ஏற்கச் சொல்லுங்கள். இரண்டாவதைத் தனித்தனி வரியாக எழுதுங்கள், தமிழ்ப் பொருளைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும்.

விதி உள்ள சொற்களுக்கு விடையோடு ஒரு குறிப்பும் காட்டலாம். 'உங்' விகுதியில் முடியும் ட்ஸைடுங், வோனுங் போன்றவை டீ. 'ஷென்' என்ற சிறுமை விகுதி வந்தால் எப்போதும் டாஸ், சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென் டாஸ் ஆனது அதனால்தான். குறிப்புகளைச் சாட்பாட்டையே எழுதச் சொல்லலாம், ஆனால் ஒவ்வொன்றையும் டூடனிலோ உங்கள் ஆசிரியரிடமோ சரிபார்த்த பிறகே சேருங்கள். 'நிச்சயமாகத் தெரியுமா?' என்று அதையே கேட்பது சரிபார்ப்பு ஆகாது. சரியாகச் சொன்னதையும் மன்னிப்புக் கேட்டு மாற்றிவிடும் பழக்கம் அதற்கு உண்டு.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் ஓடும் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். உரையாடல் நீண்டு, முன்பு சொன்னதை அது மறக்க ஆரம்பித்தால் புதிய உரையாடலைத் திறந்து, கடைசியாக ஓடிய முழு நிரலையும் ஒட்டி அங்கிருந்து தொடருங்கள். போனிலும் வேண்டுமென்றால் இணையப் பக்கங்களை வெளியிட உதவும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றலாம், எப்படி என்று படிப்படியாகச் சாட்பாட்டே சொல்லும். ஏற்றிய பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதனால் பாடப்புத்தகப் பக்கங்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.