நீட் இரண்டாம் முறையா? போன தேர்வின் தாளைப் பிரிக்காமல் தொடங்காதீர்கள்

தேர்வு முடிவு வந்த கையோடு புதுப் புத்தகக் கட்டு ஒன்றை வாங்கி, பதினொன்றாம் வகுப்பு இயற்பியலின் முதல் பாடத்தில் உட்கார்ந்துவிடுவது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மறுபடி எழுதும் பிள்ளைகள் பலர் செய்யும் முதல் தவறு இதுதான். மதிப்பெண் எங்கே போனது என்று பார்க்காமலே எல்லாவற்றையும் திரும்பப் படிக்கிறார்கள். தெரிந்த பாடம் இன்னும் நன்றாகத் தெரிகிறது, தெரியாத பாடம் அப்படியே கிடக்கிறது.

வினாத்தாளை வீட்டுக்கு எடுத்துவர அனுமதி உண்டு. உங்கள் ஓஎம்ஆர் தாளின் (வட்டம் நிரப்பும் விடைத்தாள்) ஸ்கேன் படத்தையும் விடைக்குறிப்பையும் தேசியத் தேர்வு முகமை இணையத்தில் தருகிறது. அவை சில நாட்கள்தான் இருக்கும், உடனே இறக்கி வையுங்கள். மதிப்பெண் சான்றில் பாடவாரியாக பர்சென்டைல் (எத்தனை சதவீதம் பேரை முந்தினீர்கள் என்ற கணக்கு) மட்டுமே இருக்கும் என்பதால், எத்தனை சரி, எத்தனை தப்பு என்று நீங்களேதான் எண்ண வேண்டும். மூன்றையும் பரப்பி வைத்து, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தைப் பென்சிலால் எழுதுங்கள்: பாடமே தெரியாது, படித்தது மறந்தது, கணக்குப் பிழை, கேள்வியைத் தவறாக வாசித்தது, சும்மா ஊகித்தது.

இதன் பலனை ஒரு கணக்கில் பார்க்கலாம். 115 சரி, 30 தப்பு, 35 விட்டது என்றால் 430 மதிப்பெண். அந்த 30 தப்பில் கணக்குப் பிழையும் வாசிப்புப் பிழையுமாக 12 இருந்தால், அவற்றைச் சரிசெய்தாலே 60 கூடும். ஏனென்றால் தப்பு ஒன்று சரியாகும்போது 4 வருகிறது, இழந்த 1-ம் திரும்பி வருகிறது. புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமல் 490. காரணம் தெரியாமல் வருடம் முழுக்கப் படித்தாலும் அந்த 12 பிழைகள் மறுபடி வரும்.

அண்ணன், அக்கா கொடுத்த பழைய மெட்டீரியலை அப்படியே நம்புவதும் ஆபத்து. 2024 முதல் பாடத்திட்டம் குறைந்துவிட்டது. திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், செரிமானமும் உட்கிரகித்தலும் போன்ற பாடங்கள் இப்போது இல்லை, ஆனால் பழைய கட்டில் இருக்கும். தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தை அச்செடுத்து மேசை மேல் ஒட்டிவிட்டு, அதில் இல்லாததை அடித்துவிடுங்கள். வினாத்தாளிலும் இதே சிக்கல் உண்டு. 2021 முதல் 2024 வரை 200 கேள்வி இருந்தது, 180-க்கு விடையளித்தால் போதும், நேரம் 2021-இல் 180 நிமிடம், 2022 முதல் 200 நிமிடம். 2025 முதல் 180 கேள்வி, 180 நிமிடம், விருப்பத் தேர்வு கிடையாது. பழைய தாளின் விருப்பப் பகுதியில் 15 கேள்விக்கு 10 என்று பொறுக்கிப் பழகியவர், இப்போதைய தாளில் கடினமான கேள்வியைக் கண்டதும் திணறுவார். பழைய தாள்களையும் கேள்விக்கு ஒரு நிமிடம் என்றே போட்டுப் பழகுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இன்னொரு சறுக்கல். கோச்சிங்கில் எல்லாம் ஆங்கிலம், தேர்வில் தமிழ். 'மொமென்ட் ஆஃப் இனெர்ஷியா' என்றே ஒரு வருடம் கேட்டுவிட்டு, தாளில் 'நிலைமத் திருப்புத்திறன்' என்று பார்த்தால் அரை நிமிடம் போய்விடும். நாற்பது பக்க நோட்டில் இரண்டு பத்தி போட்டு, ஆங்கிலச் சொல்லையும் பாடநூல் தமிழ்ச் சொல்லையும் எதிரெதிரே எழுதிவாருங்கள். தமிழைத் தேர்ந்தெடுத்தாலும் தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வாக்கியம்தான் செல்லும், அதனால் தமிழ் வரி புரியாதபோது உடனே ஆங்கில வரியைப் பாருங்கள். உயிரியலுக்கு மாநிலப் பாடநூலோடு மத்திய அரசின் என்சிஇஆர்டி புத்தகத்தையும் வரிவரியாக வாசித்தே ஆக வேண்டும்.

வட்டம் நிரப்புவதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ஒரு வட்டத்துக்கு 5 நொடி என்றாலும் 180-க்கு 15 நிமிடம் ஆகும். அவசரத்தில், விட்டுவைத்த 63-ஆவது கேள்வியின் வரிசையில் 64-இன் விடை விழுந்துவிட்டால், அதன்பின் எல்லாமே ஒரு வரிசை தள்ளிப்போகும். பேனா மையை அழிக்கவும் முடியாது. வினாத்தாளின் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் நிரப்பிவிடுவதுதான் பத்திரம்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே புளி உலுக்குவது தை, மாசியில், மாங்காய் பறிப்பு சித்திரை, வைகாசியில். திருப்புதலும் தேர்வும் சரியாக அந்த மாதங்களில்தான் வருகின்றன. 'வீட்டில் சும்மாதானே இருக்கிறான்' என்று தோப்புக்கு அனுப்புவது பல வீடுகளில் நடக்கிறது. வேலை செய்யட்டும், ஆனால் காலையில். தேர்வு பிற்பகல் 2 முதல் 5 வரை. தை முதல் ஞாயிறுதோறும் அதே நேரத்தில், மின்விசிறி நின்றாலும் எழுந்திருக்காமல், முழு மாதிரித் தேர்வு ஒன்றை எழுத விடுங்கள். மதியச் சோறு தின்றதும் கண் சொருகும் பழக்கம் அப்போதுதான் விடும்.

விண்ணப்பத்தில் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி இருக்கட்டும். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் விண்ணப்பம் திறக்கும் முன்பே திருத்திவிடுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீட்டுக்கான சான்றைத் தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். பள்ளி மாறியிருந்தால் படித்த ஒவ்வொரு பள்ளிக்கும் போக வேண்டியிருக்கும், அந்த அலைச்சலைக் கலந்தாய்வு நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.