இரட்டைக் குழாய் ரெகுலேட்டரைப் புதுப்பிக்கும்போது செய்யக்கூடாதவை

பழைய ஸ்கூபா ரெகுலேட்டருக்கு (டேங்கில் உள்ள காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, நீருக்கடியில் மூச்சுவிடத் தரும் கருவி) கடல் உப்பைவிடப் பெரிய எதிரி, அதைப் புதுப்பிக்கிறேன் என்று கருவிப்பெட்டியைத் திறந்து வைத்து உட்காரும் ஆள்தான். அதிகம் ஊறவைப்பது, அதிகம் முறுக்குவது, அதிகம் கிரீஸ் பூசுவது: சேதம் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் தொடங்குகிறது. இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது யு.எஸ். டைவர்ஸ் நிறுவனத்தின் டிஏ அக்வா மாஸ்டர். 1943இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய அக்வா-லங் மூச்சுக்கருவியின் வாரிசு. முதுகுப் பக்கம் வட்டமான உலோகப் பெட்டி, இருபுறமும் மடிப்பு ரப்பர் குழாய். அழுத்தத்தைக் குறைக்கும் இரண்டு நிலைகளும் பெட்டிக்குள்ளேயே அடக்கம்.

முதலில் வினிகர். வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சரிபாதி, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. பித்தளைப் பாகங்களுக்கு 5 முதல் 10 நிமிடம் போதும், அதுவும் நடுநடுவே எடுத்துப் பார்த்தபடி. ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டால் அமிலம் பித்தளையில் உள்ள துத்தநாகத்தை அரித்துவிடும். காலையில் இளஞ்சிவப்பாகத் தெரிவது மிஞ்சிய செம்பு. குரோமில் விரிசல் இருந்தால் அதனடியில் புகுந்து பூச்சைத் தோலாக உரித்துவிடும். வெளியே எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே உலர்த்த வேண்டும். ரப்பரும் சீட்டும் (seat: நாசில் எனும் காற்றுத் துளையின் விளிம்பில் அழுந்தி அதை மூடும் பாகம்) வினிகர் பக்கமே போகக் கூடாது.

காற்று நுழையும் வாயில் வெண்கலத் துகள்களை இறுக்கிச் செய்த சின்ன வடிகட்டி ஒன்று இருக்கும். அதைக் கழுவி மறுபடி போடுவது வீண் சிக்கனம். ஆனால் தூக்கி எறியுமுன் நிறத்தைப் பாருங்கள். பச்சை என்றால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது, முதல் நிலை முழுவதையும் பிரித்தாக வேண்டும். செம்பழுப்பு என்றால் ஸ்டீல் டேங்கின் துரு. கறுப்பு என்றால் கம்ப்ரசரின் எண்ணெயோ கரித்தூளோ வந்திருக்கிறது.

ஓ-ரிங்கை (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) எஃகு ஊசியால் கிளப்பாதீர்கள். அது உட்காரும் பள்ளத்தில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் புது ஓ-ரிங் கசியும். பித்தளை அல்லது பிளாஸ்டிக் கொக்கி வேண்டும். அவசரத்துக்குப் பல்குத்தும் குச்சி தேவலை. பெட்டியைப் பிடித்திருக்கும் கிளிப்புகளை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி விளிம்பை வளைப்பதும் இதே ரகம்தான்: டயஃப்ரம் (மூச்சை இழுத்தால் உள்வாங்கும் வட்டச் சவ்வு) ஒரு பக்கம் தளர்வாக உட்காரும், தண்ணீர் உள்ளே வரும்.

அதிகம் பேர் சறுக்குவது இடைநிலை அழுத்தத்தில், அதாவது முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவே நிற்கும் காற்றழுத்தத்தில். டிஏ மாடலில் இது 110 முதல் 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு), ஏறக்குறைய 8 பார். நிறைந்த டேங்கில் பொருத்தி, கேஜ் முள்ளை 120இல் நிறுத்தி, வேலை முடிந்தது என்று மூடிவிடுகிறார்கள். டிஏவின் முதல் நிலை சமன்செய்யப்படாதது. டேங்கின் அழுத்தமே சீட்டை மூடும் திசையில் தள்ளுகிறது. டேங்க் காலியாகக் காலியாக அந்தத் தள்ளல் குறையும், இடைநிலை அழுத்தம் ஏறும். நிறைந்த டேங்கில் 120 வைத்தால், கடைசி 500 பிஎஸ்ஐயில் அது எல்லையைத் தாண்டி ரெகுலேட்டர் சீறத் தொடங்கும். எனவே 500 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கிய டேங்கில் வைத்துத்தான் உச்ச அளவை அமைக்க வேண்டும். அதே நிறுவனத்தின் ராயல் அக்வா மாஸ்டர் சமன்செய்யப்பட்டது, அதில் இந்தச் சிக்கல் இல்லை. மிஸ்ட்ரல் ஒரே நிலை கொண்டது. அதில் அளக்க இடைநிலை அழுத்தமே கிடையாது.

முள் எங்கே நிற்கிறது என்பதைவிட எப்படி நிற்கிறது என்று பாருங்கள். ஒருமுறை மூச்சை இழுத்தால் முள் இறங்கி, சட்டென்று திரும்பி, அசையாமல் நிற்க வேண்டும். அதற்குப் பதிலாக ஐந்து நிமிடத்துக்கு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் சீட்டிலோ நாசில் விளிம்பிலோ காயம். வெளியே தெரியும் அறிகுறி: வால்வைத் திறந்து ஓரிரு நிமிடம் கழித்து வாய்ப்பகுதியில் மெல்லிய சீறல். இதைக் கேட்டதும் இரண்டாம் நிலையின் லீவரை (டயஃப்ரம் அழுத்த, வால்வைத் திறக்கும் நெம்புகோல்) வளைப்பவர்கள் உண்டு. அதன் ஸ்பிரிங்கை இறுக்கிச் சத்தத்தை மறைப்பவர்களும் உண்டு. இரண்டும் நோயை விட்டுவிட்டு இருமலை அடக்கும் வேலை. நாசில் விளிம்பைப் பத்து மடங்கு லென்ஸில், வெளிச்சம் சாய்வாக விழும்படி சுற்றிப் பாருங்கள். பள்ளம் தெரிந்தால் உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், பாகத்தையே மாற்றுங்கள். முதல் நிலை உறுதியாக நின்ற பிறகுதான் லீவரில் கை வைக்க வேண்டும். லீவர் உயர்ந்திருந்தால் பெட்டியை மூடியதும் காற்று சீறும். தாழ்ந்திருந்தால் நெஞ்சு நோக இழுக்க வேண்டியிருக்கும்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனமே நல்லது. ஓ-ரிங் மினுங்கினால் போதும், கட்டியாக நிற்கக் கூடாது. கிறிஸ்டோ-லூப் போன்ற ஆக்சிஜனுக்கு ஏற்ற ஃப்ளோரின் வகை கிரீஸ் பாதுகாப்பானது. சிலிக்கோன் கிரீஸ் சிலிக்கோன் டயஃப்ரத்தை உப்பச் செய்யும். குழாய் பளபளக்க வேண்டுமென்று வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவாதீர்கள். பெட்ரோலியப் பொருள் இயற்கை ரப்பரை ஊதிப்போகச் செய்யும், எந்த எண்ணெயானாலும் உயர் அழுத்த ஆக்சிஜன் அருகே தீ அபாயம்.

மூச்சு ஈரமாக வருகிறதா? வாத்தின் அலகு போன்ற வெளியேற்ற வால்வைச் சந்தேகியுங்கள். பல வருடம் கிடந்ததில் உதடுகள் ஒட்டியிருக்கும், அல்லது விறைத்து வாய் பிளந்திருக்கும். அதை டயஃப்ரத்துக்கு அருகிலேயே வைத்ததற்குக் காரணம் உண்டு: இரண்டும் ஒரே நீரழுத்தத்தில் இருந்தால்தான் காற்று தானாகக் கொட்டாது. வேறிடத்துக்கு மாற்றும் யோசனை வேண்டாம். மடிப்புக் குழாய்களை இழுத்து, மடிப்புகளின் அடியில் வெடிப்பு தேடுங்கள். ஒரு முனையை அடைத்துத் தண்ணீரில் அமிழ்த்தி ஊதினால் ஊசித்துளையும் தெரிந்துவிடும்.

பழைய யோக் (ரெகுலேட்டரை டேங்க் வால்வோடு பிணைக்கும் உலோகப் பிடி) இன்றைய டேங்க் வால்வுக்குச் சிறிதாக இருக்கலாம். அரத்தால் ராவி நுழைப்பது மிக ஆபத்தான குறுக்குவழி. அன்றைய ஸ்டீல் 72 டேங்கின் அழுத்தம் 2250 பிஎஸ்ஐ, இன்றைய அலுமினியம் 80இல் 3000. தகுந்த யோக்கையே மாற்றி, விரல் இறுக்கத்தோடு நிறுத்துங்கள். ஓ-ரிங்கை அழுத்தி மூடுவது டேங்கின் காற்று, உங்கள் மணிக்கட்டு அல்ல.

எல்லாம் சரியாக இருந்தும் இழுக்கக் கடினமாக இருந்தால், திருத்த வேண்டியது டேங்க் நிற்கும் உயரமாக இருக்கலாம். பெட்டி பிடரியருகே நின்றால் தவறு. தோள்பட்டை எலும்புகளின் நடுவே, முதுகோடு ஒட்டி நிற்க வேண்டும். நுரையீரலைவிட 10 செ.மீ. மேலே பெட்டி இருந்தால் ஒவ்வொரு மூச்சிலும் 10 செ.மீ. நீரழுத்தத்தைக் கூடுதலாக இழுக்கிறீர்கள். நீச்சல்குளத்தில் குப்புற, மல்லாந்து, இடப்பக்கம் சாய்ந்து என எல்லா நிலையிலும் மூச்சு விட்டுப் பாருங்கள். மல்லாந்தால் காற்று தானாகக் கொட்டும்; அது கோளாறு இல்லை, அதற்காக லீவரைத் தொட வேண்டாம்.