வேட்டியில கொட்டுன சாம்பாரும் மத்த கறைங்களும்

போன மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம், பந்தியில பக்கத்து இலைக்காரர் எந்திரிக்கும்போது கை தட்டி என் மடியில சாம்பார் கொட்டிடுச்சு. புது எட்டு முழம், அன்னைக்குத்தான் மடிப்பு கலைச்சு கட்டுனது. உடனே கை கழுவுற எடத்துக்கு ஓடி அங்க இருந்த சோப்பை எடுத்து பரபரன்னு தேய்ச்சேன், மஞ்சளா இருந்தது அப்படியே செக்கச்செவேல்னு ஆயிடுச்சு, பாக்குறவங்க எங்கயாவது அடிபட்டுச்சான்னு கேக்குற அளவுக்கு. எங்க அத்தைதான் சிரிச்சுட்டே சொன்னாங்க, "ஏண்டா, வேட்டியிலயே ஆரத்தி கரைச்சுட்டியா?"

அத்தை சொன்னது விளையாட்டுக்குத்தான், ஆனா விஷயம் அதேதான். ஆரத்தித் தண்ணி எப்படி செவக்குது? மஞ்சள்ல சுண்ணாம்பு சேத்தா செவக்கும், சுண்ணாம்பு காரம் (மொளகா காரம் இல்ல, அமிலத்துக்கு எதிரான ஆல்கலி). துணி சோப்பும் காரம்தான், அதனால மஞ்சள்ல இருக்குற குர்குமின் நிறம் மாறிடுது, கறை புதுசா ஒண்ணும் வந்துடல. நல்லா அலசி சோப்பு போனா (அவசரம்னா ரெண்டு சொட்டு எலுமிச்சை விட்டா) திரும்ப மஞ்சளாயிடும்.

இந்த மஞ்சளை எடுக்குறதுக்கு சோப்பு மட்டும் பத்தாது. குர்குமின் தண்ணியில சரியா கரையாது, எண்ணெயில கரையும், சாம்பார்ல தாளிச்ச எண்ணெயோட சேந்து நூலுக்குள்ள எறங்கிடும். அதனால முதல்ல எண்ணெயை எடுக்கணும். தண்ணி விடாம பாத்திரம் கழுவுற லிக்விடை நேரா கறை மேல விட்டு விரலால மெதுவா தடவி ஒரு பதினஞ்சு நிமிஷம் விட்டு அலசுங்க. அப்புறம் ஈரத்தோடயே நல்ல வெயில்ல, கறை பட்ட எடம் மேல தெரியுற மாதிரி காயப்போடுங்க. வெயில் பட்டா மஞ்சள் நிறம் தானா சிதைஞ்சு போகும். என் வேட்டிக்கு மூணு நாள் ஆச்சு, தினமும் நனைச்சு நனைச்சு போட்டேன், மூணாவது நாள் மத்தியானம் பாத்தா எங்க இருந்துச்சுன்னே தெரியல. கலர் துணிக்கு இது வேணாம், சாயமும் சேந்து வெளுத்துடும்.

இதுல இருந்து நான் கத்துக்கிட்டது, கறை பட்டதும் கை சோப்புக்குப் போகக்கூடாது, என்ன கறைன்னு முதல்ல பாக்கணும். ரத்தம்னு வைங்க, நெறைய பேர் சுடுதண்ணி ஊத்துறாங்க, அது பெரிய தப்பு. சூடு பட்டா ரத்தத்துல இருக்குற புரதம் முட்டை வெந்த மாதிரி கெட்டியாகி நூலைப் புடிச்சுக்கும். பச்சைத் தண்ணியில, ஐஸ் தண்ணின்னா இன்னும் நல்லது, ஊறவச்சு கசக்குனாலே முக்காவாசி போயிடும். மிச்சம் இருந்தா, வெள்ளைத் துணியா இருந்தா மட்டும், மெடிக்கல் ஷாப்ல கெடைக்குற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் விடுங்க, நுரைச்சுட்டு வெளிய வரும். எந்தக் கறையா இருந்தாலும் அது முழுசா போற வரைக்கும் அயர்ன் பாக்ஸ் பக்கமே போகாதீங்க.

அடுத்தது வாழைக்கறை. என்னைக் கேட்டா கறைங்கள்லயே கேடி இதுதான். வாழைப்பூ ஆயும்போது, தண்டு நறுக்கும்போது துணியில படுறப்போ வெறும் தண்ணி மாதிரிதான் இருக்கும், நாமளும் கண்டுக்க மாட்டோம், காத்து பட்டு காய காய பழுப்பாகி மறுநாள் கருப்பா நிக்கும். வாழைத்தார் ஏத்தி எறக்குறவங்க தோள்ல போட்டிருக்குற துண்டைப் பாருங்க, எத்தனை தொவைச்சாலும் அந்த காப்பிக்கொட்டை நிறம் போகாது. பட்ட உடனே, காயறதுக்குள்ள, நெறைய தண்ணி விட்டு சோப்பு போட்டு அலசிட்டா தப்பிச்சோம். காஞ்சுட்டா வெள்ளை காட்டன்ல ப்ளீச்சிங் தண்ணி கலந்து முயற்சி பண்ணலாம், அதுவும் முழுசா போகும்னு நான் சொல்ல மாட்டேன். கலர் துணின்னா அதை சமையலுக்குன்னே ஒதுக்கிடுங்க. கையில எண்ணெய் தடவிட்டு நறுக்க உக்காருற பழக்கம் இருக்குல்ல, அப்படியே ஒரு பழைய துண்டையும் மடியில போட்டுக்கோங்க, அவ்ளோதான்.

பால்பாயிண்ட் பேனா மை, ஸ்கூல் சட்டை பாக்கெட்ல வராத வீடு இல்ல. கறைக்கு அடியில ஒரு பழைய துணியை மடிச்சு வச்சுட்டு, மேல சானிடைசரோ ஸ்பிரிட்டோ பஞ்சுல தொட்டு ஓரத்துல இருந்து நடுவுக்கு ஒத்தி எடுங்க, மை அடித்துணியில எறங்கும், அடித்துணியை நகத்திக்கிட்டே இருங்க. தேய்ச்சீங்கன்னா பாக்கெட் அளவு இருந்தது சட்டை அளவு ஆயிடும். பைக் செயின் கிரீஸுக்கு முகத்துக்குப் போடுற பவுடரைக் கொட்டி அரை மணி நேரம் விட்டுத் தட்டிட்டு, அப்புறம் மேல சொன்ன அதே பாத்திர லிக்விட். டீ சிந்துனா உடனே பச்சைத் தண்ணியில அலசுனா போதும், காய விட்டாதான் தலைவலி.

துரு வேற கதை. கொடிக் கம்பி துருப்பிடிச்சிருந்தா ஈரத்துணியில கோடு கோடா எறங்கும். இதுக்குப் போய் ப்ளீச் போடுறவங்க இருக்காங்க, போட்டா துரு இன்னும் ஒட்டிக்கும். எலுமிச்சை சாறும் உப்பும் தடவி வெயில்ல வச்சு அலசணும், ரெண்டு மூணு தரம் பண்ண வேண்டியிருக்கும். வெள்ளைச் சட்டை அக்குள் மஞ்சளுக்கும் ப்ளீச் ஆகாது, மஞ்சள் கூடத்தான் செய்யும், ஆப்பசோடாவை தண்ணியில குழைச்சு அப்பி ஒரு மணி நேரம் ஊறவைங்க.

ப்ளீச் பத்தி பேசும்போதே இதையும் சொல்லிடுறேன், ப்ளீச்சோட எலுமிச்சையோ வினிகரோ பாத்ரூம் கழுவுற ஆசிடோ எதையும் கலக்காதீங்க, குளோரின் வாயு வரும், கதவு சாத்துன பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. கலர் துணியில எதைப் போடுறதுக்கு முன்னாடியும் உள்மடிப்புல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க.

பட்டுப்புடவையில மட்டும் வீரத்தைக் காட்டாதீங்க. ப்ளீச் பட்டா பட்டு நூலே அரிச்சுப் போயிடும், தேய்ச்சா பளபளப்பு போய் அந்த எடம் மட்டும் நரைச்ச மாதிரி தெரியும். டிஷ்யூவால ஒத்தி எடுத்துட்டு நேரா டிரை வாஷுக்குக் குடுங்க, குடுக்கும்போது சிந்துனது நெய்யா, பாயசமா, குங்குமமான்னு கடைக்காரர்கிட்ட சொல்லுங்க, அதைப் பொறுத்துதான் அவர் மருந்து போடுவார். கறை இருக்குற எடத்துக்கு அடையாளம் வைக்கணும்னா வெள்ளை நூல்ல ஒரு தையல் போடுங்க, சேஃப்டி பின் குத்தி அனுப்பிடாதீங்க, அது துருப்பிடிச்சா மறுபடி எலுமிச்சைக்கு வரணும், பட்டுல அதுவும் முடியாது.