வெளியேற்றப்பட்ட செவிலியர் அடுத்த வேலை தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியார் மருத்துவமனை நிர்வாகம் ஒரு செவிலியரை வெளியேற்ற முடிவு செய்துவிட்டாலும் பணிநீக்க ஆணை என்று ஒன்றைக் கையில் கொடுப்பது அரிது. நைட் டியூட்டி முடிந்து, கண் எரிச்சலோடு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஹெச்.ஆர். அறையிலிருந்து அழைப்பு வரும். “நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் சிக்கல் இல்லை” என்பார்கள். சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாகத் தட்டச்சு செய்த தாள் மேசைமேல் தயாராக இருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு தாளில் நானும் கையெழுத்திட்டேன். பின்னாளில் வேறொரு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து, வேலை கேட்டு வந்தவர்களை நேர்காணல் செய்தபோது, திறமை போதாமல் திரும்பியவர்களைவிட, வெளியேறிய முதல் சில நாள்களில் செய்த தவறுகளால் சிக்கிக்கொண்டவர்களையே அதிகமாகப் பார்த்தேன்.

அவற்றில் முதன்மையானது, அந்தத் தாளில் அன்றைக்கே கையெழுத்திடுவது. ஓராண்டில் 240 நாள் பணிபுரிந்த ஒருவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ கொடுக்க வேண்டும். அதோடு பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். தானாக விலகியவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. அந்தத் தாளை அவர்கள் அவசரமாக நீட்டுவதற்குக் காரணமும் அதுவே. “வீட்டில் பேசிவிட்டு நாளை சொல்கிறேன்” என்று எழுந்து வந்துவிடுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. விலகிச் செல்வதே நல்லது என்று யோசித்து முடிவெடுத்தால் அதிலும் தவறில்லை. சில சமயம் அதுவே நல்ல வழி. ஆனால், நிலுவைச் சம்பளம், விடுவிப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ் ஆகிய மூன்றும் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்பதை எழுத்தில் பெற்ற பிறகே கடிதம் கொடுங்கள். அக்கடிதத்தில் “சொந்தக் காரணம்” என்று பொய் எழுதாமல், “நிர்வாகம் இன்ன தேதியில் கேட்டுக்கொண்டதன் பேரில்” என்று நடந்ததை எழுதுங்கள். ஏற்கெனவே மிரட்டலுக்குப் பயந்து கையெழுத்திட்டுவிட்டவர்கள், தாமதிக்காமல் நடந்ததை விவரித்து நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால், பிற்பாடு அது ஓர் ஆவணமாக நிற்கும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று வார்டு இன்சார்ஜ் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி, அழுதுகொண்டே வீட்டில் இருந்துவிடுகிறோம். இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பின்றித் தாமாகவே பணிக்கு வராமல் நின்றுவிட்டார் என்று கோப்பில் எழுதப்படுகிறது. இதைத் தவிர்க்க, வர வேண்டாம் என்று சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதைக் குறிப்பிட்டு, பணிபுரியத் தயாராக இருப்பதாக மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

அடுத்தது ஆவணங்கள். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், டியூட்டி பட்டியலில் உங்கள் பெயர் உள்ள பக்கங்கள், உங்களுக்கு வந்த மெமோ, அதற்கு நீங்கள் எழுதிய பதில் ஆகியவற்றின் நகல்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆனால், உங்கள் பக்க நியாயத்தை நிறுவும் வேகத்தில் நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வந்துவிடாதீர்கள். நோயாளியின் அந்தரங்கத்தை மீறியதாக உங்கள்மேலேயே புகார் திரும்பும்; அந்த நோயாளிக்கும் அது அநீதி. சம்பவம் நினைவில் இருக்கும்போதே, தேதி, நேரம், உடனிருந்தோர் பெயர்களோடு வீட்டில் உட்கார்ந்து எழுதி வைத்தால் போதும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பழைய பேட்ச் குழுக்களிலும் மருத்துவமனையின் பெயரைச் சொல்லி எழுதுவதும் வேண்டாம். நர்சிங் வட்டாரம் மிகச் சிறியது.

சேரும்போது வாங்கி வைத்த ஒரிஜினல் சான்றிதழ்களைத் திருப்பித் தராமல், பாண்டுத் தொகையை (குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் தருவதாக ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதி வாங்கிய தொகையை) கட்டினால்தான் தருவோம் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடன் வாங்கியாவது கட்டிவிடுவது பலர் செய்யும் தவறு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவின்படி, பத்திரத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும், அதற்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே கோர முடியும். அதையும் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். அவர்களே உங்களை வெளியேற்றியிருந்தால் அந்தக் கோரிக்கைக்கே பெரும்பாலும் அடிப்படை இருக்காது. சான்றிதழைத் தருமாறு எழுத்தில் கேளுங்கள். அப்போதும் தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

வர வேண்டிய பணத்தைக் கேட்காமல் விடுவதும் நம்மிடையே அதிகம். “தொலையட்டும்” என்று ஒதுக்கிவிடுகிறோம். ஐந்து ஆண்டு பணிபுரிந்திருந்தால், கடைசியாக வாங்கிய அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் கிடைப்பது பணிக்கொடை. அது விலகியவருக்கும் உண்டு. முப்பது நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். வருங்கால வைப்பு நிதியில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். பழைய நிறுவனம் உங்கள் விலகல் தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தளத்தில் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். கைச்செலவுக்காக ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்து ஆண்டுப் பணிக்கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நெருக்கடி தாங்க முடியாத அளவில் இருந்தாலன்றி, பழைய கணக்கைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே மேல்.

கருவுற்றிருந்த காரணத்துக்காகவோ, பேறுகால விடுப்பில் இருந்தபோதோ, பாலியல் தொல்லை பற்றிப் புகார் கொடுத்த பிறகோ வெளியேற்றப்பட்டவர்கள், புது வேலை கிடைத்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக் கூடாது. பாலியல் தொல்லைப் புகாரைச் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று ஒதுங்கிவிடும் தோழிகளுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் எல்லாப் பெண்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அதற்கான அலுவலகம் இருக்கும்.

இனி, நான் அதிகமாகக் கண்டதும் மிக அதிகமாகக் கேடு செய்ததுமான தவறுக்கு வருகிறேன். விடுவிப்பு ஆணை கிடைக்காதவர்களும், ஆறு மாதம், ஓராண்டு வீட்டில் இருந்தவர்களும் அந்த இடைவெளியை மறைக்க, தெரிந்த ஒரு கிளினிக்கில் போலி அனுபவச் சான்றிதழ் வாங்கிவிடுகிறார்கள். உள்ளூர் மருத்துவமனையில் அது சில நாள் செல்லுபடியாகலாம். நாளை வளைகுடா நாடு ஒன்றுக்கு விண்ணப்பிக்கும்போது, டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பில், சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்பார்கள். அந்த கிளினிக் பதில் தராவிட்டாலோ, வேறு பதில் தந்தாலோ, ஆறு மாத இடைவெளியை மறைக்கப் போய்ப் பத்தாண்டு உண்மையான அனுபவமும் சந்தேகத்துக்குள்ளாகும். வேலை இல்லாத இடைவெளி ஒரு குற்றம் இல்லை. அதை உள்ளபடி எழுதி, அந்தக் காலத்தில் செய்த பகுதிநேரப் பணியையோ, பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். போன்ற உயிர்காப்புப் பயிற்சியையோ சேர்த்துக் காட்டுங்கள். பழைய மருத்துவமனை சான்றிதழ் தர மறுத்தால், நியமனக் கடிதம், சம்பளம் வரவான வங்கிக் கணக்குப் பக்கங்கள், வைப்பு நிதிக் கணக்கின் பணி விவரம் ஆகிய மூன்றும் சேர்ந்து நீங்கள் அங்கே பணிபுரிந்ததை நிறுவும். நான் பலரை அந்த மூன்றையும் பார்த்தே பணியில் சேர்த்திருக்கிறேன். நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதும் இந்த இடைவெளியில் தவறவிடக் கூடாத வேலை.

நேர்காணலில் “ஏன் விலகினீர்கள்?” என்று கேட்டவுடன், மூன்று ஆண்டு மனக்குறையைப் பத்து நிமிடம் கொட்டிவிடுவார்கள் சிலர். அவர்களுடைய வலி எனக்குப் புரியும். ஆனாலும், மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர், நாளை நம்மைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்றே எண்ணுவார். வேறு சிலர் திருமணம், அப்பாவுக்கு உடல்நலமில்லை என்று ஒரு கதை சொல்லி, அடுத்த கேள்வியில் தடுமாறுவார்கள். “ஒரு ஷிப்டில் ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு நான்கு நோயாளிகள் என்ற நிலை வந்தது. அது பாதுகாப்பில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதன்பின் நிர்வாகத்தோடு ஒத்துப்போகவில்லை, விலகுமாறு கேட்டார்கள்” என்ற அளவில் நிறுத்திக்கொண்ட ஒரு பெண்ணை நான் மறுநாளே பணிக்கு அழைத்தேன். உங்கள்மீது உண்மையிலேயே தவறு இருந்து, உதாரணமாக மருந்து மாறிப்போயிருந்தால், என்ன நடந்தது, அதன்பின் உங்கள் வழக்கத்தில் எதை மாற்றிக்கொண்டீர்கள் என்று சொல்லுங்கள்.

அவசரத்தில் வந்த முதல் வேலையையே பிடித்துக்கொண்டு, மறுபடியும் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்து, மறுபடியும் பாண்டில் கையெழுத்திட்டு, பழைய சம்பளத்தைவிடக் குறைவாகச் சேருவது இன்னொரு தவறு. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தாருங்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டு உத்தரவின்பேரில் அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியர் சம்பளம் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நடைமுறையில் பல இடங்களில் இது எட்டாக்கனியாகவே இருக்கிறது. ஆனாலும் சம்பளம் பேசும்போது இந்த எண்களை அறிந்தவர் ஏமாறுவது குறைவு.

வார்டு வேலை ஒன்றையே வேலை என்று நினைத்துத் தேடலைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதில்லை. 108 ஆம்புலன்ஸில் அவசரகால மருத்துவ உதவியாளர், நர்சிங் கல்லூரியில் பயிற்றுநர், டயாலிசிஸ் மையம், வலி நிவாரண ஆதரவுச் சேவை, காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் நிறுவனங்கள், சென்னையில் பரவலாக உள்ள மருத்துவக் குறியீட்டுப் பணி (மெடிக்கல் கோடிங்) ஆகிய அனைத்துக்கும் செவிலியர் படிப்பு கைகொடுக்கும். அரசுப் பணிக்கு ஆளெடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) அறிவிப்புக்காக மட்டும் வீட்டில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதை நான் ஏற்பதில்லை. கொரோனா காலத்தில் தமிழ்நாடு அரசு தற்காலிகமாகச் சேர்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தபோது அவர்கள் தெருவில் நின்று போராடியதை நாம் பார்த்தோம். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் ஒப்பந்தப் பணியாக இருந்தாலும், எத்தனை மாதத்துக்கு என்பதைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

மனம் உடைந்திருக்கும் நேரத்தில்தான் வெளிநாட்டு ஏஜென்ட் தொலைபேசியில் அழைப்பார். விசிட் விசாவில் போய் அங்கே வேலை மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால், அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். வேலைக்குச் செல்லும் முன் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியரை அனுப்புவதற்கு 2015 முதல் தனிக் கட்டுப்பாடு உண்டு. அதைப் பற்றிக் கேட்க, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. பதிவுபெற்ற முகவர்கூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்பவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடிப் பார்க்கும் முன் ஒரு ரூபாயும் பாஸ்போர்ட்டும் கைமாறக் கூடாது.