ஸ்போர்ட்ஸ் கார் முன்பு போல் ஓடவில்லையா? முதலில் காற்றைப் பாருங்கள்

வளைவில் பிடிப்புக் குறைந்து ஸ்டியரிங் மந்தமாகத் தெரிந்தால், கராஜுக்குப் போகுமுன், காலையில் வண்டியை எடுக்காமலே நான்கு டயரிலும் காற்றழுத்தத்தை அளந்து, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். முன், பின் அளவுகள் வேறாக இருக்கலாம். டயர் மாதத்துக்குச் சுமார் 1 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) தானாகவே இழக்கும். டயரின் சூடு 5, 6 பாகை செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய அதே அளவு ஏறும். ஹபரணையிலிருந்து திருகோணமலைக்கு வெயிலில் ஓடி வந்த கையோடு அளந்து, கூடுதலாக இருக்கிறதென்று காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலை குறைவாகத்தான் இருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காற்று சரியாக இருந்தும் கார் ஒரு பக்கம் இழுத்தால் வீல் அலைன்மென்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, பார்க்க வேண்டும். டயர் பழையதென்றால் காற்றைச் சரிசெய்வதும் உதவாது: பக்கவாட்டில் 2316 என்றிருந்தால் 2016இன் 23ஆம் வாரத் தயாரிப்பு, ரப்பர் இறுகியிருக்கும்.