விரதமும் வேண்டுதலுமாகக் குடியை விடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை பிறந்ததும் கறுப்பு வேட்டியும் துளசிமணி மாலையுமாகத் தெருவில் தென்படும் ஐயப்ப பக்தர்களுள், குடியிலிருந்து விடுபட வேண்டும் என்பதற்காகவே மாலை போட்டவர்களும் இருக்கிறார்கள். முனீஸ்வரன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவர்கள், வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்துகொள்பவர்கள், தர்காவில் தங்கி ஓதிக்கொள்பவர்கள், உபவாச ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று இனிக் குடிக்கமாட்டேன் என்று சாட்சி சொல்பவர்கள் ஆகியோரும் இதே நோக்கம் உடையவர்களே. இவர்களை மூடநம்பிக்கையாளர்கள் என்று ஒதுக்குவதுதான் படித்தவர்கள் செய்யும் முதல் தவறு. நேற்று வரை குடிகாரன் என்று ஏசிய தெரு, மாலை போட்ட மறுநாளே அவரைச் சாமி என்று அழைக்கிறது. வழக்கமாகக் கடைக்குப் போகும் மாலை வேளையில் அவருக்குப் பஜனை இருக்கிறது. சனிக்கிழமை கூலி வாங்கியதும் கையைப் பிடித்து இழுக்கும் நண்பர்கள்கூட, மாலை போட்டிருக்கிறேன் என்ற ஒரு சொல்லுக்குப் பணிந்து விலகிவிடுகிறார்கள். புதிய பெயர், புதிய பழக்கம், மறுப்பதற்கு ஊர் ஏற்றுக்கொண்ட ஒரு காரணம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் தரக்கூடிய ஏற்பாடு வேறு எதுவும் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டால் செய்ய முடியாத சில காரியங்கள் உண்டு. அவற்றுள் மிக ஆபத்தானது முதல் நான்கு நாள்களில் நிகழ்வது. பல ஆண்டுகளாக நாள்தோறும், அதுவும் விடிந்ததுமே குடித்து வந்த ஒருவர், மாலை போடும் நாளன்று எந்த முன்னேற்பாடும் இல்லாமல் முற்றிலும் நிறுத்திவிடுவதைக் குடும்பமே பெருமையோடு பார்க்கிறது. மதுவின் அமுக்கத்துக்கு ஈடுகொடுத்துப் பழகிய மூளை, அது திடீரென்று விலகியதும் கட்டுப்பாடு இழந்து பரபரக்கத் தொடங்குகிறது. கடைசியாகக் குடித்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை வரும். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரக்கூடும். ஏறத்தாழ 48 மணி நேரத்துக்கும் 96 மணி நேரத்துக்கும் இடையில், சிலருக்கு உளறலும் மனக்குழப்பமும் காய்ச்சலும் சேர்ந்த கடுமையான நிலை ஏற்படும். சிகிச்சை இல்லாவிட்டால் இந்நிலை உயிரைப் பறித்துவிடும்.

மூன்றாம் நாள் இரவு அந்த வீட்டில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். டம்ளரைப் பிடிக்க முடியாமல் தண்ணீர் மார்பில் கொட்டுகிறது. போர்வையில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போடுகிறார். மூலையில் யாரோ நிற்பதாகப் பேசுகிறார். விடியற்காலையில் எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கதவைத் தள்ளுகிறார். சாமி வந்திருக்கிறது என்று ஒருவரும், விரதத்தில் ஏதோ தீட்டு நேர்ந்துவிட்டது என்று ஒருவரும், செய்வினை என்று ஒருவரும் சொல்ல, விபூதி மந்திரித்துப் போடுவதற்காக நான்கு மணி நேரப் பயணத்தில் இன்னொரு கோயிலுக்கு அழைத்துச் செல்கிறார்கள். அந்த நான்கு மணி நேரம் அவர் அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்திருக்க வேண்டிய நேரம். மூளையின் பரபரப்பை அடக்கும் டயசெபாம், லோராசெபாம் போன்ற மருந்துகளைத் தக்க அளவில் கொடுத்து, சில நாள்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால், இந்தக் கட்டத்தைப் பெரும்பாலோர் பாதுகாப்பாகக் கடந்துவிடலாம். எனவே நாள்தோறும் குடிப்பவர், அதிலும் முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்தவர், மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மனநல மருத்துவரையோ அரசு மருத்துவமனையையோ அணுகி, மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்திவிட்டுப் பின்னர் சன்னிதிக்குப் போக வேண்டும். விரதத்துக்கு இதனால் எந்தக் குறையும் வராது.

இதோடு ஒட்டிய மற்றொரு தவறு, நிறுத்திய கையோடு கடும் பட்டினி இருப்பது. நெடுங்காலம் குடித்தவர்களின் உடலில் பி1 எனப்படும் தயமின் சத்து ஏற்கெனவே மிகவும் குறைந்திருக்கும். அந்நிலையில் சோறு தண்ணீர் இல்லாமல் உபவாசம் இருந்தால் மூளை நேரடியாகப் பாதிக்கப்பட்டு, நடை தள்ளாடும்; கண் அசைவு பிறழும்; நினைவு நிரந்தரமாகவே சிதையக்கூடும். மயங்கி விழுந்தவரைப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிச் சென்று குளுக்கோஸ் ஏற்றச் சொல்வது நம் வழக்கம். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் அந்தப் பாதிப்பு மோசமாகலாம் என்பதால், இவர் இவ்வளவு காலமாகக் குடித்தவர், இத்தனை நாள் முன்பு நிறுத்தினார் என்ற செய்தியை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மானம் கருதி மறைப்பவர்கள்தாம் அதிகம்.

வலிநிவாரணி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள், ஹெராயின் பழகியவர்கள் ஆகியோர் விஷயத்தில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சில வாரங்கள் ஆசிரமத்திலோ ஜெப வீட்டிலோ தங்கி விலகியிருந்தபின், உடலின் தாங்கும் திறன் குறைந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே எடுத்துக்கொண்டால் மூச்சு நின்றுபோகலாம். ஹெராயினின் வகையையே சேர்ந்த, ஆனால் அதைவிடப் பாதுகாப்பான புப்ரெனார்பின் போன்ற மருந்தைத் தொடர்ந்து கொடுக்கும் சிகிச்சை இத்தகைய மரணங்களைக் குறைக்கிறது. ஒரு போதைக்கு இன்னொரு போதை என்று சொல்லி அதை நிறுத்தச் செய்யும் போதகர்களும் சாமியார்களும் தாங்கள் எதைச் செய்கிறோம் என்பதை அறிந்தே ஆக வேண்டும்.

மருந்து உட்கொள்வது நம்பிக்கைக் குறைவு என்ற எண்ணம், நான் பார்த்தவரை, எல்லாச் சமயத்தாரிடமும் ஒரே அளவில் இருக்கிறது. இவ்வெண்ணத்துக்கு ஆதாரமாக, குடிநோயாளிகள் தாமே கூடி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பையே காட்டுபவர்கள் உண்டு. கடவுளிடம் ஒப்படைத்தல் என்பதைக் குடியிலிருந்து மீள வகுத்த பன்னிரண்டு படிகளுள் மூன்றாவதாக வைத்திருக்கும் அந்த அமைப்பின் வரலாறு இதற்கு நேர்மாறானது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான பில் வில்சன், 1934 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் சிகிச்சைக்காகப் படுத்திருந்தபோதுதான் தம் ஆன்மிக அனுபவத்தைப் பெற்றார். மற்றொருவரான பாப் ஸ்மித் அறுவை மருத்துவர். 1935-இல் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் இருவரும் தொடங்கிய வேலை, 1939-இல் அதே நகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்குள் நுழைந்தது. அங்கே நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பில் இருந்த கத்தோலிக்கத் துறவி சிஸ்டர் இக்னேஷியா, குடிநோயாளிகளுக்குப் படுக்கை கிடைக்கச் செய்தார். மருத்துவரும் துறவியும் ஒரே வார்டில் நின்றுதான் அந்த வழியை உருவாக்கினார்கள். உறுப்பினர் எவரும் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்பது அந்த அமைப்பே தன் உறுப்பினர்களுக்குச் சொல்லும் அறிவுரை. அதன் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. இத்தகைய கூட்டங்களில் இணையச் செய்யும் முறையான சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட ஓரளவு கூடுதலாகவே உதவுகிறது என்று பல மருத்துவ ஆய்வுகளை ஒருங்கே அலசும் காக்ரேன் அமைப்பின் 2020-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு கண்டறிந்தது. நம்பிக்கையை மருத்துவத்தோடு பொருத்தினால் பலன் உண்டு என்பதற்கு இது போதிய சான்று என்று கருதுகிறேன்.

விரதம் முடியும் நாளைப் பற்றி எதுவும் திட்டமிடாமல் இருப்பது பெரும்பாலான குடும்பங்கள் செய்யும் தவறு. 41 நாளோ 48 நாளோ கழித்து மாலையைக் கழற்றும்போது, சாமி என்ற பெயரும் பஜனையும் மறுப்பதற்கான காரணமும் சேர்ந்தே கழன்றுவிடுகின்றன. மலையிலிருந்து திரும்பும் வேனிலேயே புட்டி திறக்கப்படுவதை ஊரறியும். அதற்குள் உடல் குடியின்றி இயங்கப் பழகியிருக்கிறது என்பதால், மருந்து தொடங்குவதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட் போன்ற மருந்துகளுக்கு, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்த்து மருத்துவர் சீட்டு எழுதுவார். இருமுடி கட்டும் முன்பே, திரும்பி வந்த மறுநாளுக்கு மருத்துவரைப் பார்க்கும் நேரத்தையும், அந்த வார மாலைகளுக்குப் போவதற்கு ஒரு கூட்டத்தையோ பஜனை மடத்தையோ முடிவு செய்துவிட வேண்டும்.

கயிறு கட்டியவர் ஒருநாள் தவறிக் குடித்துவிட்டால், சத்தியத்தை மீறினான், சாமி கண்ணைக் குத்தும் என்று வீட்டார் மிரட்டுவது அவரை மீண்டும் கடைக்கே அனுப்பும். தெய்வக் குற்றம் செய்துவிட்டோம், இனி மீட்சி இல்லை என்று நினைப்பவருக்கு ஒரு கிளாஸோடு நிறுத்த என்ன காரணம் இருக்கிறது? குடிநோயில் மறுபடி சறுக்குவது, சர்க்கரை நோயில் அளவு ஏறுவதைப் போன்றதே. மருந்தை மாற்றிப் பார்க்க வேண்டிய நேரம் அது. கயிறு கட்டிவிடும் பூசாரியே, தவறினால் மறைக்காமல் மறுநாளே வா என்று சொல்லி அனுப்பினால், அந்தச் சொல்லுக்கு எந்த ஆலோசகரின் சொல்லைவிடவும் கனம் இருக்கும்.

குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை மறக்கடிக்கலாம் என்று மின்கம்பங்களில் ஒட்டப்படும் விளம்பரங்களை நம்பிச் சாம்பாரில் மருந்து கலப்பது குற்றத்துக்கு நிகரான ஆபத்து. இப்படிக் கலக்கப்படக்கூடிய டைசல்பிராம் என்ற மருந்தை உட்கொண்டவர் மது அருந்தினால், முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகக்கூடும். மருந்தை நிறுத்திய பின்னும் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து நீடிக்கிறது. நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்கப்பட வேண்டிய மருந்து அது. தீர்த்தம், பிரசாதம், சூரணம் என்ற பெயரில் யாராவது பொடி கொடுத்தால், அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

கட்டி வைத்தாவது திருத்திவிடலாம் என்ற எண்ணத்துக்கு நாம் ஏற்கெனவே பெரும் விலை கொடுத்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நாடி அழைத்துவரப்பட்டுக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தனர். பின்னாளில் அதே தர்காவில், தவா-துவா (மருந்தும் பிரார்த்தனையும்) என்ற திட்டத்தின் கீழ் பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு மனநலச் சிகிச்சையும் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருளால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, சங்கிலியால் பிணைப்பதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. மறுவாழ்வு இல்லங்கள் பதிவு பெறுவதையும் கட்டாயமாக்குகிறது. நள்ளிரவில் வேனில் ஆட்களை அனுப்பித் தூக்கிச் செல்கிறோம் என்று சொல்லும் இல்லம் எந்தச் சமயத்தின் பெயரில் நடந்தாலும் அதை நாடாதீர்கள். சேர்க்கும் முன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், வாரம் ஒருமுறை நேரில் பார்த்துத் தனியாகப் பேச விடுவார்களா என்று கேளுங்கள்.

சிகிச்சை நமக்கு எட்டாதது என்று முடிவு கட்டிக்கொள்வதும் தவறே. ஆனால் அந்த முடிவுக்கு மக்கள் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது; உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். கோயிலும் தர்காவும் ஜெப வீடும் நடந்து போகும் தூரத்தில் இருக்க, மருத்துவர் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தால், மக்கள் எங்கே போவார்கள்? இருந்தாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழும் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். போதைப்பொருள் வழக்குக்கு அஞ்சுபவர்கள், சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கு ஆளானவர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்புப் பெறப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழிசெய்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாக எப்போது குடித்தார், நாளொன்றுக்கு எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார். மாலை போடப் போகும் தேதியையும் அதில் குறித்துவிடுங்கள். விரத நாள்களின் உணவுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மருந்தை எப்போது சாப்பிடுவது என்று மருத்துவரே எழுதித் தருவார்.