சினிமா பாட்டை வகுப்புக்கு எடுப்பதற்கு முன்னால் கட்டையைப் பாருங்கள்

புதிதாக கீபோர்டு வகுப்பு ஆரம்பித்த தம்பி ஒருவன் போன மாதம் கூப்பிட்டான். "அண்ணா, ஆண்டுவிழா பாட்டு ரெடி, யூடியூபிலிருந்து எடுத்துட்டேன்." யார் போட்ட வீடியோ என்று கேட்டேன். "ஏதோ ஒண்ணு, லிரிக்ஸ் ஓடுது." எனக்குப் பகீர் என்றது. நெட் போகும், சார்ஜ் தீரும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். இசை வகுப்பில் நாம் செய்கிற மற்ற தவறுகளை ஒவ்வொரு தலைப்பாகச் சொல்கிறேன்.

கட்டையைப் பார்க்காமல் பாட்டை எடுப்பது

காப்புரிமைச் சோதனையில் சிக்காமல் இருக்க, பாட்டின் கட்டையை, அதாவது சுருதியின் உயரத்தை, அரைக் கட்டை ஏற்றியோ இறக்கியோ யூடியூபில் போடுகிறவர்கள் நிறையப் பேர். கேட்டால் வித்தியாசமே தெரியாது. நானும் அப்படி ஒன்றை எடுத்துத்தான் ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்கு இரண்டு மாதம் பயிற்சி கொடுத்தேன். அசல் பாட்டு இரண்டு கட்டை, அதாவது டி மேஜர். என்னிடம் இருந்தது இரண்டரை. வயலின் வாசித்த மூன்று பிள்ளைகள் தினமும் திணறினார்கள், நான் அவர்களைத்தான் திட்டினேன். வெஸ்டர்ன் டியூனிங்கில் டி மேஜர் என்றால் ஜி, டி, ஏ, ஈ என்று நான்கு ஓப்பன் ஸ்ட்ரிங்கும் (விரல் வைக்காமல் வாசிக்கும் தந்தி) பாட்டுக்குள்ளேயே வரும். இரண்டரைக்குப் போனால் ஏ-யும் ஈ-யும் உதவாது. அது என் மண்டையில் ஏறவே இல்லை.

விழா அன்று காலையில் பள்ளிக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய கரோக்கி டிராக் வந்தது. அது சரியாக இரண்டு கட்டையில் இருந்தது! கீபோர்டு பிள்ளைகள் கட்டையை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பட்டனில் ஒன்று குறைத்துவிட்டுச் சிரித்தார்கள். வயலினில் ஏது பட்டன்? மூன்று பேரும் மேடையில் வில்லைத் தந்தியில் படாமல் ஆட்டிக்கொண்டு நின்றார்கள், முதல் வரிசையில் அவர்களுடைய அப்பா அம்மா. இன்றைக்கு நினைத்தாலும் என் மேலேயே எரிச்சல் வருகிறது, ஏனென்றால் முதல் நாளே இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

பாட்டின் உரிமை வைத்திருக்கும் ஆடியோ கம்பெனியின் சேனலில் அதே பாட்டைப் போட்டு, ஸ எங்கே நிற்கிறது என்று கீபோர்டில் தொட்டுப் பாருங்கள். நீளத்தையும் பாருங்கள். வேகத்தைக் கூட்டி அரைக் கட்டை ஏற்றியிருந்தால் பாட்டு கிட்டத்தட்ட 6 சதவீதம் வேகமாக ஓடும், 4 நிமிடப் பாட்டில் 13 விநாடி போல காணாமல் போயிருக்கும். சுருதியை மட்டும் மாற்றியிருந்தால் நீளம் அப்படியேதான் இருக்கும், அதனால் கீபோர்டில் தொட்டுப் பார்ப்பதை விடாதீர்கள். கட்டை உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருளில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம், இலவசம்தான். ஆனால் மாற்றியது தெரிந்து மாற்றியதாக இருக்கட்டும், ஃபைல் பெயரிலேயே கட்டையை எழுதி வையுங்கள்.

தானாக கார்ட் போடும் தளங்கள்

பாட்டில் எங்கே எந்த கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரும் என்று சொல்லும் இவை தொடக்கத்துக்குச் சரி. ஆனால் பாடகர் ஸ்வரத்தை அசைத்து ஒரு கமகம் போட்டால் அதைப் புது கார்ட் என்று நினைத்துக்கொள்ளும், பேஸ் கிடார் தனி வழியில் போனால் குழம்பிவிடும். காதால் சரிபார்க்காமல் அதை பிரிண்ட் எடுத்து பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பேண்ட்லேப்

பேண்ட்லேப் என்ற இசை அமைக்கும் ஆப்பில் கணக்குத் திறந்து பாஸ்வேர்டு போடுவதற்குள் வகுப்பு முடிந்துவிடும். கூகுளின் க்ரோம் மியூசிக் லேப் தளத்தில் மெட்டுப் போட சாங் மேக்கர் இருக்கிறது, லாகின் கிடையாது, போட்ட மெட்டை லிங்க்காக வீட்டுக்கு அனுப்பலாம். அதில் கொஞ்ச நாள் விளையாடட்டும், அப்புறம் பேண்ட்லேப்.

ஜூமை அப்படியே விடுவது

நீட்டி இழுக்கும் வயலின் ஒலியை ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். ஆடியோ செட்டிங்கில் இசைக்கலைஞர்களுக்கான ஒரிஜினல் சவுண்ட் இருக்கிறது. அதை உங்கள் பக்கம் போட்டால் மட்டும் போதாது, வாசிக்கிற பிள்ளையின் பக்கமும் போட வேண்டும்.

ஆன்லைனில் எல்லோரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்வது

ஒருவர் வாசிப்பது மற்றவருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும், தாளம் சேரவே சேராது.

ப்ளூடூத் ஹெட்போனில் கீபோர்டு பயிற்சி

அழுத்திய பிறகு தாமதமாகத்தான் ஒலி கேட்கும். வயர் வைத்த ஹெட்போனையே போடுங்கள்.